மயிலுக்கு விசா

மயில் அவ்வளவு தூரம் பறக்காது என்று சின்னவள் சொன்னதிலிருந்துதான் கதை குழம்பத் தொடங்கியது.

அப்போது விடுப்பில் மல்லாங்கிணற்றுக்கு வந்திருந்தேன். சார்ஜாவில் ஏ.சி. பழுது பார்க்கிற வேலை எனக்கு. ஊருக்கு வந்தால் மகள்கள் இரண்டு பேருக்கும் சோறு ஊட்டுவது என் பொறுப்பாகிவிடும். "உங்ககிட்டதான் கதை கேட்டுக்கிட்டே திங்குதுக" என்று மனைவி தட்டை என் கையில் கொடுத்துவிடுவாள். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவள் இப்போதுதான் யூ.கே.ஜி. வீடியோ காலில் சொன்ன சாமிக் கதைகளையே உப்பும் உறைப்பும் கூட்டித் திரும்பச் சொல்வேன். பத்துத் தலைக்கும் முடிவெட்ட இராவணன் அருப்புக்கோட்டை சலூனில் உட்கார்ந்தால், பின்னால் காத்திருப்பவர்கள் சத்தம் போடுவார்கள். கும்பகர்ணனை எழுப்ப ரெட்டியபட்டி ஷேர் ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கும். கதை சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அன்று மாம்பழக் கதை. இருப்பது ஒரே பழம், உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்குத்தான் அது என்று சொல்லி, முருகனை மயில்மேல் ஏற்றிவிட்டேன்.

"மயிலு வேலிக்கு மேலதான்ப்பா பறக்கும். நம்ம சோளக்காட்டுல வெரட்டினா கருவேல மரத்துல போயி உக்காந்துக்கிரும்" என்றாள் சின்னவள்.

அவள் சொன்னது நியாயம்தான். எங்கள் பக்கம் மயிலை விரட்டாத காடு கிடையாது. நானும் விட்டுக்கொடுக்காமல் முருகனை மதுரை ஏர்போர்ட்டுக்குப் பஸ் ஏற்றினேன். வேலாயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிளைட்டில் ஏறக்கூடாது என்று வாங்கி லக்கேஜில் போட்டார்கள். மயிலுக்கு விசா இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தன. சிரிப்பைக் கேட்டால் எனக்கு நிதானம் போய்விடும். துபாயில் முருகனுக்கு எட்டுப் பேர் படுக்கிற ரூமில் ஒரு மேல்கட்டிலும் பிடித்துக் கொடுத்தேன்.

"உங்களைய மாதிரியாப்பா?" என்று பெரியவள் கேட்டாள்.

"ஆமா, என்னைய மாதிரிதான்."

சொன்ன பிறகுதான் கதை எங்கே போய் முடியும் என்பது உறைத்தது. திருப்ப வழி தெரியவில்லை. பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றி வந்து, இதுதான் என் உலகம் என்று சொல்லிப் பழத்தை வாங்கிக்கொண்டார் என்று அவசரமாக முடித்தேன்.

"அப்ப வெளிநாடு போனவருக்குப் பழம் இல்லையா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இன்னொரு பழம் வச்சிருந்தாக."

"போன்லயும் ஒரே பழம்னுதான சொன்ன? பெறகு முருகன் வீட்டுக்கு வந்தாரா?"

"பழனிக்குப் போயிட்டாரு. கதைதான இது, வாயைத் தெற" என்று அதட்டினேன். அடுப்படியிலிருந்து மனைவி சிரித்தாள். "சாமிய பிளைட்டுல ஏத்தினது நீங்கதான, நீங்களே எறக்கி விடுங்க."

எப்படி இறக்குவது? இத்தனை நாளும் நான் பிள்ளையார் பக்கம்தான். உட்கார்ந்த இடத்தில் ஜெயித்த கெட்டிக்காரர் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! முருகன் மட்டும் என்ன தப்புச் செய்தார்? சுற்றிவிட்டு வா என்றார்கள், சுற்றினார். போனது தப்பு என்றால் நான் செய்துகொண்டிருப்பது என்ன? போனவர்தான் ஜெயித்தார் என்று மாற்றிச் சொன்னால் அது அந்தக் கதையே இல்லை. பிள்ளைகளுக்குச் சொன்ன கதைக்கு நானே இப்படி முழிப்பது வெட்கமாகவும் இருந்தது. திரும்பிப் போக டிக்கெட் போட்டாயிற்று. அதற்கப்புறம் அந்தக் கதைப் பக்கமே நான் போகவில்லை. சின்னவளும் எதுவும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

கிளம்புகிற அன்று வாசலில் கார் நின்றது. டிரைவர் பெட்டியை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சின்னவள் அம்மாவையும் அக்காவையும் இழுத்து வந்து வாசல் நடுவில் நிறுத்தி, தானும் அவர்களோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"அப்பா, எங்களையச் சுத்து."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். போகிற நேரத்தில் அழாமல் இருக்கிறார்களே என்று சந்தோஷம் வேறு. கைகளை மயில் மாதிரி விரித்து அடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றி வந்தேன். டிரைவர்கூடச் சிரித்தார்.

சுற்றி முடித்ததும் சின்னவள் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த மாம்பழத்தை என் கையில் வைத்தாள்.

"நீ ஒலகத்தைச் சுத்திட்டப்பா. பழம் ஒனக்குத்தான். பெட்டிய எறக்கச் சொல்லு."

டிக்கியை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் டிரைவர் என் முகத்தைப் பார்த்தார்.