கடைசிப் பரிசோதகரின் மஞ்சள் வட்டம்

இத்தாலியின் பலேர்மோவில் அமெரிக்கக் கார்களைப் பற்றிக் கதைக்க அருகதை உள்ள தமிழர் ஒருவர்தான். அவர் பேரின்பநாயகம். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அந்த அருகதையைக் கொஞ்சமும் குறைக்காது. பிரசவம் பார்க்கிற வைத்தியர்மார் எல்லாம் பிள்ளை பெற்றுவிட்டா பார்க்கிறார்கள்?

எண்பத்தெட்டில் வந்து சேர்ந்தவர், முதல் மூன்று வருசம் போர்கோ வெக்கியோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினார். அதன்பிறகு சினியோரா ஒலிவாவிடம் வேலை. சினியோராவின் கணவர் சத்திரசிகிச்சை வைத்தியர். அமெரிக்காவில் சில காலம் கத்தி பிடித்துவிட்டு, எண்பத்தேழாம் ஆண்டுப் பியூக் கார் ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினவர். கார் மேலிருந்து கீழ்வரை கறுப்பு. பெயர் கிராண்ட் நேஷனல். வைத்தியர் காலமானதும் கார் கராஜுக்குள் தங்கிவிட்டது. வீட்டு வேலைக்கு வேறு ஆள் இருந்ததால், பேரின்பநாயகத்தின் வேலைப் பத்திரத்தில் ‘காரின் காப்பாளர்’ என்றே எழுதியிருந்தது. அந்தப் பத்திரத்தை அவர் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

காருக்குள் டர்போ என்ற ஒன்று இருந்தது. அது என்னவென்று கபோ சந்தையில் மீன் வாங்க நிற்கும் சனத்துக்கு அவர் விளக்காத கிழமையில்லை.

“தான் விட்ட புகையாலையே ஒரு விசிறியைச் சுத்தி, அதாலை காத்தை அள்ளிக் குடிச்சுப் பாயிற சாமான்.”

“எங்கடை சங்கத் தலைவரும் அந்த இனந்தான்,” என்றார் வியா மக்வேதாவில் கோப்பிக் கடையில் வேலை செய்யும் விக்னராஜா. “தன்ரை புகையிலையே ஓடுறார்.”

இப்படிப் பாயவேண்டிய கார், சினியோராவின் கையில், மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோல் நிலையம் வரை போய் வரும். வேகம் மணிக்கு இருபது. ஒருமுறை கத்தரிக்காய் தள்ளுவண்டி ஒன்று அதை முந்திப்போனது. பேரின்பநாயகம் அந்தக் கிழமை கபோ சந்தைப் பக்கமே போகவில்லை.

தொண்ணூற்றாறில் வந்தது சோதனை. மிலானிலிருந்த மருமகன் காரை விற்கச் சொல்லிச் சினியோராவின் காதைக் கடித்துக்கொண்டிருந்தான். சினியோரா ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒக்தோபரில் மொண்டெல்லோக் கடற்கரையில் அபூர்வக் கார்களின் கழகம் ஒரு பரீட்சை நடத்துகிறது. தூரினிலிருந்து பெரிய இஞ்சினியர் ஒருவர் வந்து நூற்றுக்குப் புள்ளி போட்டு, தொழிற்சாலையில் பிறந்தபடியே இருக்கிற கார் என்று அத்தாட்சி கொடுப்பார். தொண்ணூறு கிடைத்தால் கார் கணவரின் நினைவாக வீட்டில் இருக்கும். கிடைக்காவிட்டால் மருமகன் கொண்டுபோகட்டும்.

கார் போனால் காப்பாளர் எதைக் காப்பது? நவம்பரில், நாட்டில் தங்கத் தந்த பெர்மெஸ்ஸோ முடிகிறது. வேலைப் பத்திரம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரின் கண்ணாடி ஓட்டைக்கு முன்னால் நின்றால், உள்ளே இருப்பவர் தலையும் நிமிர்த்த மாட்டார். ஆக, ஒரு காரின் பிறப்பு அத்தாட்சியில் ஒரு மனிசனின் இருப்பு தொங்கியது.

பேரின்பநாயகம் போருக்கு ஆயத்தமானார். பல் பிறஷ் நாலு, பழைய சாரம் இரண்டு, சவர்க்காரம் ஒரு வாளி. பொனற்றைத் திறந்து எஞ்சினின் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தார்.

அந்தக் கிழமையில்தான் ஆயுத பூசையும் வந்தது. தொழிற் கருவிக்குப் பூசை செய்யாமல் பரீட்சைக்குப் போவதா? சினியோரா தன்னுடைய மாதா கோயிலுக்குப் பூசை காணப் போன நேரம் பார்த்து, மனைவி ஞானம்பிகை தட்டத்தோடு கராஜுக்கு வந்தாள். ஞானம்பிகை வேலை செய்கிற வீட்டு நொன்னாக் கிழவியே அவளுக்குப் பயந்துதான் தூசி தட்டுவாள் என்று பேச்சு. வந்தவள் தட்டத்தை வைத்துவிட்டு, காரைச் சுற்றி நடந்து, விரலால் ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தாள். பொனற்றுக்குள் குனிந்தாள். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டில், மெழுகுக் கட்டியால் யாரோ கிறுக்கின மாதிரி இரண்டு எழுத்தும் ஒரு கோடும்.

“இஞ்சேருங்கோ, இதென்ன கிறுக்கல்?”

“அது முதலே கிடக்குது.”

“கிடந்தால் துடைக்கிறேல்லையோ? கிறுக்கலுக்கு மேலை சந்தனம் வைக்கச் சொல்லுறியளோ?”

அவர் துடைத்தார். பல் பிறஷ் ஒன்று முடி கொட்டும்வரை துடைத்தார். பளிச்சென்று ஆன அதே இடத்தில் ஞானம்பிகை அரைத்த சந்தனத்தை வட்டமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். வெளியே வைத்தால் சினியோரா காண்பார். சக்கரத்துக்கு ஒரு தேசிக்காயும் நசிந்தது.

“இனி வெளிக்கிடலாம்,” என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை, மொண்டெல்லோ வரை இருபதில் ஊர்ந்துபோன பயணத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறி, சந்தனம் தகட்டோடு தகடாக இறுகிவிட்டது.

இஞ்சினியர் பெர்தோனே வெள்ளைக் கையுறையும் பல் வைத்தியர் வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியும் கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் நின்ற கார் ஒன்றின் அடியில் ஒன்பது வருச ஊத்தையைக் கண்டு, “அற்புதம்” என்று எழுதினார். பேரின்பநாயகம் குனிந்து தன் காரின் அடியைப் பார்த்தார்; துளி ஊத்தையும் இல்லை. அப்போதுதான் பக்கத்துக் காரின் சொந்தக்காரர் அவருக்கு விசயத்தை விளக்கினார்: இங்கே சுத்தத்துக்குப் புள்ளி இல்லை. தொழிற்சாலை வாசலைத் தாண்டின அன்று எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கவேண்டும். பெயின்ற் சொரசொரப்பாக இருந்திருந்தால் சொரசொரப்பாகவே.

பேரின்பநாயகத்தின் கார் கண்ணாடி மாதிரி வழுவழுத்தது. வருசக்கணக்காகத் தேய்த்த கையல்லவா. அதற்கு நாலு புள்ளி போனது. ரயர் மாறியதற்கு மூன்று. பிறகு பொனற் திறந்தது. இஞ்சினியர் தகட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இந்த வகைக் காரில், பாகங்களைக் கோர்த்த தொழிலாளி மெழுகுக் கட்டியால் போட்ட அடையாளம் இந்த இடத்தில் இருந்தே ஆகவேண்டுமாம். அதுதான் பிறந்த மச்சம். காணோம். ஐந்து.

எண்பத்தெட்டு. பேரின்பநாயகத்தின் மனதில் மிலான் மருமகன் வந்து ஸ்ரியரிங்கைப் பிடித்தான்.

இஞ்சினியர் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சரித்தார். அப்படியே நின்றார். பூதக்கண்ணாடி எடுத்தார். மஞ்சள் வட்டம், நடுவே சிவப்புப் புள்ளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலை அடையாளங்களின் புத்தகம் ஒன்றைப் புரட்டினார், அதில் இல்லை. இல்லாததால் அவர் முகம் இன்னும் மலர்ந்தது.

“இதை யார் தொட்டது?”

எங்கள் நாயகத்தைத் தவிர ஒருவரும் பொனற் திறப்பதில்லை என்றார் சினியோரா. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வாய் திறக்காமல் நின்றால் போதும். ஆனால் பூசை செய்து வைத்த பொட்டை, ஆரோ அமெரிக்கன் வைத்தது என்று விட்டுவிட முடியுமா? பெர்மெஸ்ஸோவைக் குவெஸ்தூரா தரும். மிச்சத்தை அவள் அல்லவா தரவேண்டும். எவள் என்று கேட்டால், சரஸ்வதியும்தான், ஞானம்பிகையும்தான்.

“சினியோரே,” என்றார், “அது போன கிழமை என்ரை மனிசி வைச்சது.”

இஞ்சினியர் கண்ணாடியை இறக்கி அவரை இரக்கத்தோடு பார்த்தார். முப்பது வருசம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், என்றார். உங்கள் ஊரிலும் இதுபோல ஏதாவது இருக்கலாம், அறியாமை குற்றமில்லை. ஆனால் இப்படி இறுகின வர்ணம் ஒரு கிழமையில் வராது, ஒன்பது வருசம் வேண்டும். இது தொழிற்சாலையில் கார் கோர்க்கிற வரிசையின் முடிவில் நிற்கும் கடைசிப் பரிசோதகரின் முத்திரை. எல்லாம் சரி, இனி வண்டி வெளியே போகலாம் என்று அவர் வைப்பது. உலகத்திலேயே இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறதென்று நினைக்கிறேன்.

பேரின்பநாயகம் இரண்டாம் தரமும் உண்மையைச் சொன்னார். வேலைக்காரர்கள் இப்படித்தான், முதலாளியின் பொருளில் பாசம் வைத்து எல்லாம் தங்களுடையது என்று நினைத்துவிடுவார்கள் என்று இஞ்சினியர் சினியோராவிடம் மெதுவாகச் சொன்னார். மூன்று புள்ளி கூட்டினார். தொண்ணூற்றொன்று. அத்தாட்சியில் ஒரு நிபந்தனையும் எழுதினார்: மேற்படி முத்திரை எக்காரணம் கொண்டும் துடைக்கப்படலாகாது.

அடுத்த வருசம் பரீட்சைக்கு வந்த மூன்று அமெரிக்கக் கார்களில், அதே இடத்தில், மஞ்சள் வட்டமும் சிவப்புப் புள்ளியும் இருந்தன. இஞ்சினியர் மூன்றையும் குனிந்து மணந்து பார்த்துக் கள்ளச் சாமான் என்று தள்ளினார். உண்மையான தொழிற்சாலை வர்ணத்துக்கு ஒரு தனி வாசனை உண்டாம்.

அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிறு பின்னேரம் பேரின்பநாயகம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே மனைவிக்கு முழுக்கதையும் சொன்னார். துடைத்ததால் போன ஐந்தையும், வைத்ததால் வந்த மூன்றையும் ஒளிக்காமல் சொன்னார். கடைசியில், அந்தப் பெரிய மனிசன் பிழையாய் விளங்கிப்போட்டான், கடைசிப் பரிசோதகர் வைச்சதாம் எண்டு எழுதிப்போட்டான் என்று கவலைப்பட்டார்.

ஞானம்பிகை அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: “அதிலை என்ன பிழை? நான் பார்த்துத்தானே வெளியிலை விட்டனான்.”

பிறகு, “சப்பாத்தைக் கழட்டுங்கோ,” என்றாள்.