கை உள்ள

கையெழுத்துக்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்பது இன்றுவரை குத்துமதிப்புதான். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

மகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். சாரலுக்கு ஊர் வந்தவள் வேலையையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள். நேற்று முழுக்க ஏதோ வாசித்துக்கொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன்.

“புரோகிராம்ல எங்க தப்புன்னு நிறுத்தி நிறுத்திப் பாக்கதுக்கு ஒரு சாப்ட்வேர் இருக்குப்பா. டிபக்கர்னு பேரு. இதுவரைக்கும் ஒவ்வொண்ணா நாமதான் தட்டணும். இப்ப என்ன செய்யணும்னு முதல்லயே ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்துட்டா அதுவே வரிசையா செஞ்சிரும். அதை எப்படிச் செய்யணும்னு ஒருத்தர் விளக்கம் எழுதிருக்காரு. அது சரியா இருக்கான்னு பாக்கேன்.”

“அதுவே செஞ்சிருமா?” என்றேன். அப்படிக் கேட்டதுமே ஈர நெல்லின் புளித்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. ஒருத்தர் எழுதிய விளக்கம் சரியா என்று பார்க்கும் இந்த வேலையை நானும் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் ஒரு அரிசி ஆலையில் இருந்தேன். நெல்லை மேலே ஏற்ற நீளமான மரக்கூட்டுக்குள் ஒரு பட்டை ஓடும். அதில் வரிசையாகத் தகர வாளிகள். எலிவேட்டர் என்போம். சாரல் காலத்தில் நெல் ஈரம் வாங்கி அடியில் அடைத்துக்கொள்ளும், பட்டை நின்றுவிடும். கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து கையை விட்டு நெல்லை அள்ள வேண்டும். சுவிட்சுப் பலகை சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே நிற்பவனுக்கு இங்கே கை இருப்பது தெரியாது.

அதனால் ஒரு வழக்கம் இருந்தது. அள்ளுகிறவர் “கை உள்ள” என்று கத்துவார். பலகையில் நிற்பவன் “உள்ள” என்று பதில் கொடுப்பான். “கை வெளிய” என்று கேட்கும்வரை சுவிட்சைத் தொட மாட்டான். அள்ளுகிறவர் இசக்கி அண்ணாச்சி, பதில் சொல்கிறவன் நான். அண்ணாச்சி கச்சேரி மாதிரி இழுத்துக் கத்துவார். கூச்ச சுபாவக்காரனான நான் வாய்விட்டுக் கத்திய இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

ஒரு ஆனி மாதம், முதலாளி கோயம்புத்தூரிலிருந்து தானியங்கிப் பெட்டி ஒன்றை வரவழைத்தார். கரண்ட் போய் வந்தாலும் பட்டை அடைத்து நின்றாலும், இரண்டு நிமிடம் பொறுத்து அதுவே மோட்டாரை ஓட்டிப் பார்க்கும். ஆள் வேண்டாம். அதை மாட்ட வந்த இன்ஜினியர் சின்ன வயதுக்காரர். பட்டை நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்பது வரி எழுதி என்னிடம் நீட்டினார்.

“படிச்சுப் பாருங்க. புரியலைன்னா சொல்லுங்க.”

முதலாளி சிரித்தார். “அவன் அஞ்சாப்பு. அவனுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்.”

விரல் வைத்து மூன்று தடவை வாசித்தேன். ஒவ்வொரு வரியும் புரிந்தது. ஆனாலும் என்னமோ ஒன்று குறைந்தது. அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டையை இன் பண்ணிய மனிதரிடம் எப்படிச் சொல்வது? “சரியா இருக்கு சார்” என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மறுநாளே பட்டை நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. தாளைப் பார்த்து நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க, அண்ணாச்சி செய்தார். ஐந்தாவது வரி, ‘கையால் நெல்லை அகற்றவும்.’ முழங்கை வரை உள்ளே விட்டார்.

“கை உள்ள...”

பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டிய நான் அவர் பக்கத்தில் தாளும் கையுமாக நிற்கிறேன்.

“ஏலே, கை உள்ளங்கேன்லா. வாயில என்ன கொழுக்கட்டையா?”

அப்போதுதான் குறைந்தது எது என்று தெரிந்தது. தாளைப் போட்டுவிட்டு சுவரைச் சுற்றி ஓடி மெயின் கைப்பிடியை இழுத்தேன். ஆலை மொத்தமும் நின்றது.

“எவம்லே நிறுத்துனது?” என்று முதலாளி கத்திக்கொண்டு வந்தார்.

“கை உள்ளன்னா கேக்கதுக்கு அந்தப் பெட்டிக்குக் காது இல்லையே மொதலாளி” என்றேன்.

முதலாளியோடு வந்த இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டி மோட்டாரை ஓட்ட இன்னும் கால் நிமிடம்கூட இருக்கவில்லை. அண்ணாச்சி கையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்ஜினியர் தாளை எடுத்து முதல் வரிக்கு மேலே எழுதினார்: ‘பீஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவும்.’

அண்ணாச்சி அதை என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “சட்டையே போடாதவன் என்ன சார் செய்யதுக்கு?”

இன்ஜினியர் சிரிக்காமல் அந்த வரியை அடித்துவிட்டு, ‘மடியில் கட்டிக்கொள்ளவும்’ என்று மாற்றினார்.

பீஸ் கட்டை இல்லாமல் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. அது மடிக்கு வந்த பிறகு கத்த வேண்டிய தேவை இல்லாமல் போனது. பழக்க தோஷத்தில் சில நாள் அண்ணாச்சி கத்தினார், நானும் பதில் சொன்னேன். பிறகு அவரும் விட்டார், நானும் விட்டேன். ஒரே கூரைக்கு அடியில் மூன்று வருடம் பேசாமலே வேலை பார்த்தோம். நானே நிறுத்திய குரல் அது.

ஆலை இருந்த இடம் இப்போது பிளாட்டாகிவிட்டது. அண்ணாச்சி போன தையில் கடையத்தில் மகன் வீட்டில் இறந்துபோனார். மாலை போடக் குனிந்தபோது நெஞ்சின் மேல் கட்டியிருந்த கைகளைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. “உள்ள அண்ணாச்சி” என்று வாய் வரை வந்தது. ஆட்கள் நிறைய இருந்தார்கள். சொல்லவில்லை.

நேற்று மகளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். “அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்போது நடுவுல ஆள் கை வச்சா, அதுக்குத் தெரியுமா?”

அவள் மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினாள். “அது இதுல எழுதலியேப்பா” என்று சொல்லிவிட்டு, எதையோ வேகமாகத் தட்ட ஆரம்பித்தாள்.

ஆனி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.