நல்ல ஹைபாதெசிஸ்

மருத்துவ முகாமில் நார்மல் என்று எழுதிக் கொடுத்த அன்று டில்லிபாபு பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கூடவே காலித்தும் வந்தான். இருவரும் எண்ணூர்ப் பக்கம் ஒரே காண்டிராக்டரிடம் வேலை. நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலை வெளியே கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால், அதைப் பிரித்து, சுரண்டி, திரும்பப் பூட்ட வேண்டும். ஈரமாக இருந்தால் அது சேறு. காய்ந்தால் மாவு. மாவுதான் கெடுதல். மூக்கில் துணி கட்டிக்கொள்வார்கள், வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவார்கள்.

"மெசின்ல ஊதச் சொன்னாங்கமே," என்றான் டில்லிபாபு. "எம்பதுக்கு மேல இருந்தா நார்மலாம். எனுக்கு எம்பத்திரண்டு. இவன் அப்நார்மலு!"

"அடப் போ மாமு. முன்னாடி ரெண்டு பல்லு இல்ல எனுக்கு. ஊதுன காத்தெல்லாம் சைடுல பூட்ச்சி. அதுக்கு இன்னா பண்றது?" என்றான் காலித். அவனுக்குச் சளியும் பிடித்திருந்தது. அறுபத்தைந்துதான் வந்தது. அதனால் அவனைக் குழாய் வேலையிலிருந்து எடுத்து, கேட்டில் வண்டி நம்பர் பார்க்கும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரே ஓர் இடம் இருந்தது, அது அவனுக்குப் போயிற்று.

"பல்லு போனா கேட்டு வேல. நானும் ரெண்ட கழட்டிக்கட்டா?" என்று டில்லிபாபு சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவன் மனைவி அம்மு தட்டுகளை எடுத்து வைத்தாள். எண்பத்திரண்டு என்பதைக் கேட்டு அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பதினைந்து வருஷமாக நர்ஸ். ரிப்போர்ட்டில் நார்மல் என்று கண்டால் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுப் பழகிய வாய்.

அம்மு திருவொற்றியூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் இருந்தாள். டிப்ளமோவை வைத்துக்கொண்டு அங்கேயே கிழவியாகலாம், பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்க மாட்டார்கள். அதற்குப் பட்டம் வேண்டும். முப்பத்தாறு வயதில் மறுபடியும் கல்லூரியில் சேர்ந்தாள். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் டூட்டி. ஊசியும் மருந்தும் அவளுக்குப் புதிதில்லை. புள்ளியியல்தான் இடித்தது. முதல் தடவை அந்தத் தாளில் பெயில்.

புள்ளியியல் பாடம் நடத்தியவள் தேவகிருபை. திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண், அம்முவைவிட ஆறேழு வயது சின்னவள். வகுப்பில் சிஸ்டர் என்பாள், வெளியே வந்ததும் அக்கா.

"சிஸ்டர், பிரசவ வார்டுல குழந்தைய எடை போட்டிருக்கியள்லா?"

"அதுக்குக் கணக்கே இல்ல மேடம்."

"பாதிக்கு மேல என்ன எடை இருக்கும்?"

"மூணு கிலோ சுமாருக்கு இருக்கும். ரெண்டு கிலோ கொஞ்சம் பொறக்கும். நாலு கிலோவும் எப்பனா பொறக்கும்."

"அவ்வளவுதான் நார்மல் கர்வ்," என்று தேவகிருபை போர்டில் மணி கவிழ்த்த மாதிரி ஒரு கோடு போட்டாள். நடுவில் கூட்டம், இரண்டு ஓரத்திலும் ஆள் குறைவு. ஆயிரம் பேரை அளந்து கோடு போடுகிறோம். அப்புறம் வருகிற ஒரு ஆளை அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறோம். நடுப்பக்கம் நின்றால் நார்மல் என்கிறோம்.

அது அம்முவுக்கு உடனே பிடிபட்டது. பிடிபடாதது அடுத்த பாடம். மாதிரித் தேர்வில் 'நல் ஹைபாதெசிஸ்' என்பதை அவள் 'நல்ல ஹைபாதெசிஸ்' என்று எழுதியிருந்தாள். வகுப்பே சிரித்தது.

"நல்லதுன்னு இல்லக்கா," என்றாள் தேவகிருபை பிறகு, கேண்டீனில். "நல்-னா இங்கிலீஷ்ல ஒண்ணுமில்லன்னு அர்த்தம். புது மருந்துக்கும் பழைய மருந்துக்கும் வித்தியாசமே இல்லன்னு மொதல்ல வச்சுக்கிடணும். ஆதாரம் கிடைச்சாத்தான் அத மறுக்கலாம்."

"நா இன்னா நெனச்சேன்னா, எல்லாம் நல்லாத்தான் கீதுன்னு மொதல்ல வெச்சிக்கறதுன்னு."

தேவகிருபை யோசித்தாள். "அதுவும் ஒரு வகையில சரிதான். ஆனா பரீட்சையில எழுதிராதிய."

"ஆதாரம் கெடைக்கலன்னா?"

"மறுக்க முடியலன்னு மட்டும் எழுதணும். ஒண்ணுமில்லன்னு நிரூபிச்சாச்சுன்னு எழுதப்படாது. அது வேற, இது வேற."

அம்மு அந்த வாக்கியத்தோடு பஸ் ஏறினாள். அது வேற, இது வேற.

வீடு எர்ணாவூர் குடியிருப்பில் நாலாம் மாடி. லிஃப்ட் என்று ஒன்று பெயருக்கு இருந்தது. அன்று படியேறும்போது டில்லிபாபு அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று போனை எடுத்துப் பார்த்தான். தினமும் அங்கே நின்றுதான் பார்ப்பான். அந்த மூலையில் சிக்னல் வராது என்பது அம்முவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் போனைப் பார்க்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

நோயாளியாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாள். வீட்டு மனுஷனை அப்படிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவனை அவள் பார்த்தது வியாசர்பாடி மைதானத்தில். கால்பந்தில் இடதுபுறம் ஓடுவான். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க, இவன் மட்டும் நிமிர்ந்து நின்று கத்திப் பாடுவான். அந்த நாளில் யாராவது மெசினைக் கொடுத்து ஊதச் சொல்லியிருந்தால் சராசரி ஆளுக்கு நூறு காட்டும் இடத்தில் இவனுக்கு நூற்றிருபது காட்டியிருக்கும். கோட்டின் வலது ஓரத்தில் தனியாக நின்றவன் அவன். அங்கிருந்து எண்பத்திரண்டுக்கு இறங்கியிருக்கிறான். கூட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் நார்மல். காலித்தின் அறுபத்தைந்து ஏறுவதற்கு அவன் ஒரு பல்செட் போட்டு ஊதினால் போதும்.

ஆனால் அந்த நாளில் யாரும் அளக்கவில்லை. பாடினான் என்பது ஆதாரம் ஆகாது.

வேலையை மாற்றிக் கேட்க அம்முவே போனாள். சூப்பர்வைசர் பிராங்கிளின் நாகர்கோவில்காரர், மரியாதையான மனுஷன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"நார்மல்னு டாக்டர் எழுதியிருக்காரும்மா. நான் எத வச்சு மாத்துவேன்? மேல கேட்டா என்ன பதில் சொல்ல?"

"எம்பது கிட்ட வந்திருக்காருங்க சார். அடுத்த முகாம் வரைக்கும் வெளிய எங்கனா போடுங்க."

"வாஸ்தவந்தான். ஆனா எம்பதுக்கு மேலதானே இருக்கு? வெளிய போடுறதுக்கு ஒரு எடந்தான் உண்டு, அதுல காலித் இருக்கான். அடுத்த முகாம்ல கொறஞ்சா பாப்போம்."

குறைந்த நுரையீரல் திரும்ப ஏறாது என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவர் கையில் இருந்தது ஒரு வார்த்தை, அது எழுத்தில் இருந்தது.

சேதி அவளுக்கு முன்னால் டில்லிபாபுவிடம் போய்விட்டது. வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்தான்.

"ஒன்ன யார்மே அங்க போவச் சொன்னா? பொண்டாட்டி வந்து அழுதுட்டுப் போனான்னு பசங்க கலாய்க்கறானுங்க."

"நா அழல. பேசுனேன்."

"டாக்டரே நார்மலுன்னு சொல்ட்டாரு. நீ என்ன அப்நார்மலுன்னு காட்டத்தான் டிகிரி படிக்கிறியா?"

"படியேற முடியலயே ஒன்னால!"

"வயசாச்சி. ஒனுக்கும் ஆவும்."

இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவன்தான் இறங்கி வந்தான். முகாம் திரும்ப வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் சண்டையை நீட்டினால் சாப்பாட்டுக்குக் கூப்பிடக்கூட வேறு ஆள் கிடையாது. அம்மு சரி என்றாள். அந்தச் சரியில் மழைக்காலம் வந்தது.

அந்த வாரம் தேவகிருபை இரண்டு பிழைகளை நடத்தினாள். இல்லாததை இருக்கிறது என்று சொல்வது முதல் வகை. இருப்பதை இல்லை என்று விட்டுவிடுவது இரண்டாம் வகை. எது பெரிய பிழை என்று மாதிரித் தாளில் கேள்வி. அம்மு யோசிக்காமல் இரண்டாம் வகை என்று எழுதி, அரைப் பக்கத்துக்குக் காரணமும் எழுதினாள். அதற்குச் சைபர்.

"நோட்ஸ்ல மொத வகைதானே இருக்கு," என்றாள் தேவகிருபை. "பலனில்லாத மருந்த நல்ல மருந்துன்னு நம்பிக் கொடுத்துட்டா எத்தன பேருக்குக் கெடுதல்? அதனாலதான் அதுக்கு மொதல்ல வரம்பு கட்டுதோம்."

"நோயாளிய பாத்து ஒண்ணுமில்ல போன்னு அனுப்பிட்டா?"

"அக்கா, நீங்க சொல்லுதது எனக்குப் புரியாம இல்ல. எடத்துக்கு எடம் மாறும். ஆனா வெளிய இருந்து வர்ற எக்ஸ்டர்னல், நோட்ஸப் பாத்துத்தான் கேப்பாரு. இந்தத் தடவையும் போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு."

நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் டில்லிபாபு குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தவன் காலித்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நிமோனியா. அது மேலே தெரிந்தது. அடியில் இரண்டு நுரையீரலிலும் தழும்பு, தேன்கூடு மாதிரி.

"இது ஒரு வாரத்துல வந்தது இல்ல, சிஸ்டர்," என்றார் டாக்டர். "ரொம்ப நாளா இருந்திருக்கு. முன்னாடி எதுவும் டெஸ்ட் எடுக்கலையா?"

"எடுத்தோம் சார். நார்மல்."

நிமோனியாவைச் சரி செய்யலாம், தழும்பை ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்கு அனுப்பினாலும் ஆக்ஸிஜனோடுதான் என்றார். எத்தனை நாளைக்கு என்பதை அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அதற்கு அடுத்த வாரம். அம்மு போகாமல் இருக்கப் பார்த்தாள். காலித்தான் கேட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ போ தங்கச்சி. இனிமே ஒன் சம்பளந்தான் வூட்டுக்கு. நா பாத்துக்கறேன்," என்றான். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி அவன் முகம் போயிற்று. ஆனால் அவன் சொன்னது சரி. அவள் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், அவசரமில்லாதவர். நார்மல் கர்வில் சராசரி எங்கே இருக்கும் என்றார். நடுவில் என்றாள். இரண்டு திட்ட விலக்கத்துக்குள் எத்தனை பேர் என்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்றாள். ஆதாரம் போதவில்லை என்றால் என்ன முடிவு என்றார். நல் ஹைபாதெசிஸை மறுக்க முடியவில்லை, அவ்வளவுதான், என்றாள். அவருக்குத் திருப்தி.

"கடைசி கேள்விம்மா. ரெண்டு பிழையில எது பெரிசு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவகிருபை பேனா மூடியைத் திருகத் தொடங்கினாள்.

இரண்டாம் வகை என்றுதான் அம்மு சொல்ல நினைத்தாள். வீட்டுக்கு வாடகைக்கு எடுக்க வேண்டிய ஆக்ஸிஜன் மெசினும், அதற்கு ஆகப்போகிற கரண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் காலியாக இருப்பதாகச் சொன்ன நர்ஸ் வேலையும் அதற்கு முன்னால் வந்து நின்றன.

"முதல் வகைதான் சார்."

"ஏன்?"

"இல்லாத பலன இருக்குன்னு நம்பி, நோயாளிக்கு மருந்து கொடுத்துடுவோம்."

"குட்," என்று அவர் மார்க் போட்டார்.

வெளியே வந்து அவள் கைப்பிடிச் சுவரில் ஒரு நிமிஷம் சாய்ந்து நின்றாள். அழுகை வரவில்லை. பஸ் வந்தது, ஏறினாள்.

வார்டில் காலித் ஆரஞ்சுச் சாறு பிழிந்து வைத்திருந்தான், அது அப்படியே இருந்தது. டில்லிபாபு மாஸ்க்குக்குள்ளிருந்து கண்ணால் கேட்டான்.

"பாஸ்தான்," என்றாள்.

அவன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினான். "இன்னா கேட்டாங்க?"

பேசாதே என்று சொல்லியும் அவன் விடவில்லை. அதனால் சொன்னாள். ஒன்றும் இல்லாதவனைப் பார்த்து இருக்கிறது என்பது ஒரு தப்பு. இருக்கிறவனைப் பார்த்து ஒன்றுமில்லை என்பது இன்னொரு தப்பு. எது பெரிய தப்பு என்று கேட்டார்கள். முதலாவது என்று சொன்னேன்.

அவன் காலித் பக்கம் மெல்லத் திரும்பினான்.

"அப்ப... இவன கேட்ல... ஒக்கார வெச்சதுதான்... பெரிய தப்பா?"

காலித் சாற்று டம்ளரை மூடி வைத்தான்.

"புக்குல அப்டித்தான் கீது," என்றாள் அம்மு.

டில்லிபாபு சிரிக்கப் பார்த்தான். அதற்கு வேண்டிய காற்று இல்லை. தோள் மட்டும் இரண்டு தடவை குலுங்கியது, விரல் நகம் நீலமாயிற்று. அவள் மாஸ்க்கை இழுத்துப் பொருத்தி, வாரை இறுக்கி, ஆக்ஸிஜனை ஒரு கோடு ஏற்றினாள்.

"கீழ சரிஞ்சிட்டாரு. அந்தப் பக்கம் நீ புடிண்ணே," என்றாள் காலித்திடம். "அக்குள்ல கை குடு. கைய இழுக்காத."

இருவருமாகத் தூக்கி அவனைத் தலையணைமேல் நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். தூக்கும்போது, நேற்றைவிடக் கனம் குறைந்திருந்தான்.