இருக்கிறார், இல்லை, தெரியவில்லை

ஆஸ்பத்திரியில் கத்தி பிடிக்கிற வேலைகூடச் சுலபம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன நோயாளியை ஐந்து வருஷம் கழித்துத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலைதான் பிராணனை வாங்கும். ஏதோ ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் உங்களில் இருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

எங்கள் டாக்டர் மார்புப் புற்றுக்கு ஆபரேஷன் செய்து, பிறகு கரண்டும், அதாவது எக்ஸ்ரே கதிரும், வைப்பார். அதனால் பெண்கள் பிழைக்கிறார்கள் என்று காட்டுவதற்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அது அச்சில் வந்தால்தான் மற்ற டாக்டர்கள் தலைவிதி என்று கைவிடாமல் நோயாளிகளை எங்களிடம் அனுப்புவார்கள். நான் அவருடைய குமாஸ்தா, ஸ்டெல்லா. என் தாளில் மூன்றே கட்டம்: இருக்கிறார், இல்லை, தெரியவில்லை. டாக்டரோ பிடிவாதக்காரர். ஆபரேஷன் தழும்பை நானே கண்ணால் பார்த்தால்தான் ‘இருக்கிறார்’. ‘தெரியவில்லை’ எல்லாம் செத்தவர்களோடு சேர்த்தி. ஆக, நான் கோட்டைவிட்ட ஒவ்வொருத்தியும் கட்டுரையில் செத்துப்போனாள்.

தியாகராய நகர் விலாசம்

யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு விழும் என்று ஊரே மூட்டை கட்டியபோது கிளம்பிப்போன அம்மாள், திரும்பி வரவே இல்லை. இப்போதைய குடித்தனக்காரர் கும்பகோணம் பக்கம் என்றார். அவர் மனைவி கோயமுத்தூர் என்றாள். என்னை வாசலில் நிறுத்திவைத்து இருவரும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் குற்றவாளி நான்தான். அவர் கேட்டார்: “அஞ்சு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப என்னம்மா அவசரம்?”

ரேஷன் கார்டு

அடையாற்றங்கரை ஓரத்தில் ஒரு வீடு. தாளும் பென்சிலுமாக நின்று அம்மா இருக்கிறாரா என்று கேட்டதும், மகன் பதறிப்போய் ‘இருக்காங்க, இருக்காங்க’ என்று உள்ளே ஓடினான். ஒரு கிழவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனியாக அழைத்துப்போய், ரவிக்கையைக் கொஞ்சம் தளர்த்துங்கள், தழும்பைப் பார்க்க வேண்டும் என்றேன். கிழவி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவள் அவனுடைய மாமியார். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அரிசி நிற்கக் கூடாதென்று ரேஷன் கார்டில் மட்டும் பெயர் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரி என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அவனைத் திட்டுவதா, தேற்றுவதா என்று நான் விழித்துக்கொண்டிருக்க, மாமியார்தான் சேலையை இழுத்துப் போர்த்தியபடி கேட்டாள்: “ரேசன் ஆபீசருங்க இதெல்லாம் கூடவா பாப்பாங்க?”

நொச்சிக்குப்பம்

இங்கே மட்டும் தேடவே வேண்டாம். ரோட்டோரம் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்ததும் நடுத்தெருவிலேயே தழும்பைக் காட்டக் கிளம்பிவிட்டாள். நான்தான் என் குடையை விரித்து மறைத்தேன். நான் எழுதுவதைப் பார்த்து அவளுக்குக் கோபம். “நான் பொயச்சிக்கினு கீறது இந்தக் குப்பத்துக்கே தெரியும். உங்க டாக்டருக்கு மட்டும் இன்னாத்துக்கு இன்னும் சந்தேகம்?”

மயிலாப்பூர் மாமி

கதவைத் திறந்த மாமியை எனக்கு நன்றாகத் தெரியும். அட்மிஷன் சீட்டு எழுதியதே நான்தான். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர், இப்போது என் முகத்தைப் பார்த்து, நீங்கள் தேடுகிற அம்மாள் காலமாகிவிட்டாள் என்றார்.

பிறகு ரேழிக்குள் இழுத்துக் குசுகுசுவென்று சொன்னார். பெண்ணுக்கு அபிராமபுரத்தில் ஓர் இடம் ஜாதகம் பொருந்தியிருக்கிறதாம். அம்மாவுக்கு இந்த வியாதி என்று அவர்கள் காதில் விழுந்தால் தீர்ந்தது. ஒரு நிமிஷம் தழும்பைக் காட்டுங்கள் மாமி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கெஞ்சினேன். உள்ளே நாத்தனார் இருக்கிறாள், வேறு வினையே வேண்டாம் என்று மறுத்துவிட்டார். “பொண்ணு கல்யாணம் ஆறவரைக்கும் நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். அப்படியே எழுதிக்கோங்கோ.”

அச்சான பிறகு

மாமியை நேரில் பார்த்தேன், பேசினேன் என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னேன். முகத்திலா ஆபரேஷன் செய்தோம் என்று கேட்டார் மனுஷர். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மாமி செத்தவர்களோடு சேர்ந்தார். கட்டுரையும் அச்சாகி வந்தது. செத்தவர்கள் எண்ணிக்கை இருந்த பக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்.

அதே வாரம், கல்யாண முறுக்கோடு மாமி என் மேஜை முன்னால் வந்து நின்றார். பின்னால் வைரத் தோடு போட்ட இன்னொரு அம்மாள், தலை நிமிரவில்லை. இப்போது வந்து என்ன பிரயோஜனம் மாமி என்று கத்த வாயெடுத்தேன். அவர் விடவில்லை. “கல்யாணம் நன்னா நடந்துது, இனிமே நான் உயிரோட இருக்கேன்னு எழுதிக்கோங்கோ. இவா என் சம்பந்தி. இவாளுக்கும் அதே எடத்துல கட்டி. எங்காத்துக்குத் தெரிஞ்சா பிள்ளை கல்யாணம் நின்னுடும்னு ஒரு வருஷமா மறைச்சுண்டிருந்தாளாம்.”

ஐந்து வருஷம் கழித்து அந்தச் சம்பந்தி மாமியைத் தேடிக்கொண்டு நான் போகிறபோது, அவர் வீட்டில் இன்னொரு பிள்ளை கல்யாணத்துக்கு நிற்கக் கூடாது என்பதுதான் இப்போது தேவமாதாவிடம் என் ஒரே வேண்டுதல்.