வாசல் ஓரத்தில் ஆறு அங்குலம்

நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டில் ஆட்கள் கூடினால் என் மகள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்தது. காரைத் தூக்குகிற லிஃப்ற் ஒன்று வாங்க அப்பா தன்னை மொன்றியலுக்குப் பக்கத்து லாவலுக்குக் கூட்டிக்கொண்டு போனதையும், பிரெஞ்சு தெரியாத அப்பாவுக்காகத் தான் கதைக்கப் போய் அந்த லிஃப்ற் கைக்கு வராமலே போனதையும் அவள் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். "அப்பான்ரை கராஜை இழுத்து மூடினது நான்தான்" என்று முடிப்பாள். நானும் சிரிப்பேன். இருபது வருடங்களாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அது அவளுடைய சிறுவயது நினைவு. ஆனால் அதில் ஒரு பகுதி அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதி முடிக்காமல் இந்த மேசையை விட்டு எழும்புவதில்லை என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் பௌதிகம் படிப்பித்தவன். மொன்றியலுக்கு வந்தபின் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லொறிகள் நிற்கும் முற்றம் ஒன்றில் பிரேக் பார்க்கும் வேலை கிடைத்தது. கரும்பலகையில் படம் கீறிக் காட்டியதை எல்லாம் கிறீஸ் பூசிய கையால் மறுபடி படித்தேன். புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் கராஜோடு ஒரு வீடு வாங்கியபின் சனி ஞாயிறுகளில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்களின் கார்களைப் பார்க்கத் தொடங்கினேன். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில்கூட, "சமாதானம் அண்ணை, ரயர் மாத்த எப்ப வாறது?" என்று கேட்பார்கள். குளிர்கால ரயர் போடுகிற நவம்பரில் எங்கள் வீட்டு வாசலில் கார்கள் வரிசையாக நிற்கும்.

ஜாக்கால் காரைக் கொஞ்சம் உயர்த்தி, கீழே அட்டைப் பெட்டியை விரித்து, முதுகை வைத்துப் படுத்து வேலை செய்தேன். அந்தத் தரையின் குளிர் எலும்புக்குள் ஏறும். ஐம்பது வயது தாண்டியிருந்தது. எழும்புவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டி வந்தபோதுதான் முடிவெடுத்தேன். ஒரு லிஃப்ற் பூட்டுவது, முற்றத்து வேலையை விடுவது, இனி ஒருவனுடைய விசிலுக்கும் ஓடாமல் என் சொந்தப் பட்டறையில் நிற்பது. அந்த முடிவிலிருந்து என்னை யாராலும் அசைக்க முடியாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் குசினி மேசையில் விளம்பரப் புத்தகங்கள் கிடந்தன. எல்லாம் பிரெஞ்சில். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றிய கையோடு வாசித்துச் சொல்லுவாள். லிஃப்ற் பல வகை. நாலு தூண் வைத்ததில் கார் இரண்டு பலகைகள் மேல் ஏறி நிற்கும். இரண்டு தூண் வைத்தது காரின் வயிற்றை நாலு கைகளால் பிடித்துத் தூக்கும், சில்லுகள் நாலும் அந்தரத்தில் தொங்கும். கத்தரி மாதிரி மடிந்து விரிவது ஒன்றும் இருந்தது, ஆனால் அது காரின் நடுப்பகுதியை மறைத்துவிடும்.

"அப்பா, நாலு தூண் நல்லதாம். தரையிலை போல்ற் இறுக்கத் தேவையில்லையாம், சும்மா நிக்குமாம்."

"அதிலை சில்லு பலகைக்கு மேலை இருக்கும். சில்லைக் கழட்டாமல் ரயரை எப்பிடி மாத்துறது? உன்ரை மாமாவை மந்திரம் சொல்லச் சொல்லுறதோ?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இரண்டு பென்சிலை மேசையில் நிறுத்திப் பிடித்து, நடுவில் அழிறப்பரை வைத்துப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு தூண் எதிலை நிக்கும்?"

"போல்ற்றிலை."

"போல்ற் எதிலை நிக்கும்?"

"தரையிலை."

"தரை எதிலை நிக்கும்?"

"உலகத்திலை" என்றேன். பௌதிக ஆசிரியரின் பகிடி.

எங்கள் கராஜின் கூரை பதிவு. காரை முழு உயரத்துக்குத் தூக்க முடியாது. என் நெஞ்சளவு வந்தால் போதும், முக்காலியில் இருந்து வேலை செய்யலாம், பக்கத்தில் நின்று மகள் நட்டுக் கழற்றும் சாவிகளை எடுத்துத் தருவாள் என்று திட்டம் போட்டேன். இனித் தரைதான் மிச்சம். இரண்டு தூண் லிஃப்ற்றுக்குக் கொங்கிறீற் ஆகக் குறைந்தது நாலு அங்குலத் தடிப்பு வேண்டும், தூண் வரும் இடத்தில் துளை போட்டு அளந்து பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. கராஜ் வாசல் ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. அங்கே அளவுநாடாவை வைத்தேன். மகள் குனிந்து பார்த்து, "ஆறு!" என்று கத்தினாள்.

அதோடு அளவு முடிந்தது. நல்ல தரையில் ஏன் ஓட்டை போடுவான் என்று சொன்னேன். வாசல் ஓரத்தில் கொங்கிறீற்றை எப்போதும் தடிப்பாகப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நடுவில் எவ்வளவு என்பதை அறிய நான் விரும்பவில்லை.

கோடை தொடங்கியதும் ஒரு விளம்பரத்தை மகள் கண்டுபிடித்தாள். லாவலில் ஒரு வயோதிபர் தன் பட்டறையை மூடுகிறார், இரண்டு தூண் லிஃப்ற் விற்பனைக்கு.

மனைவி விரும்பவில்லை. "இஞ்சாருங்கோ, சின்னப் பிள்ளையைக் கொண்டே வியாபாரம் கதைக்கிறதோ? தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"உன்ரை தம்பிக்கு பொன்ஜூரும் மெர்சியும்தான் தெரியும். அதுக்கு நானே காணும்."

எங்களுக்குக் கிட்ட இருக்கும் இல்-பிசார் தீவிலிருந்து ஆற்றைக் கடந்து லாவலுக்குக் கோடையில் மட்டும் ஒரு சின்னப் படகு ஓடும். ஒரு தடவையில் சில கார்களைத்தான் ஏற்றும். மகளுக்கு அது பிடிக்கும் என்று அந்த வழியால் போனேன். அவள் காரை விட்டு இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் கதைக்கப் போவதை ஆற்றுக்குச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த மனிதருக்கு எழுபது வயதிருக்கும். முழங்கால் இரண்டும் போய்விட்டன என்று தட்டிக் காட்டினார். தன் பழைய வாகனத்தை எங்களுக்காக ஏற்றி இறக்கினார். பூட்டு ஒவ்வொரு படியிலும் டக், டக் என்று விழுந்தது. எனக்கு வேறு லிஃப்ற் வேண்டாம் என்று அந்தச் சத்தத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவர் ஏதோ கேட்டார்.

"தரை எவ்வளவு தடிப்பு எண்டு கேக்கிறார், அப்பா."

"ஆறு அங்குலம் எண்டு சொல்லு."

சொன்னாள். அவர் மறுபடி கேட்டார்.

"தூண் வாற இடத்திலை துளை போட்டுப் பாத்தனீங்களோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாங்கள் போடேல்லையே."

"ஓம் எண்டு சொல்லு, பிள்ளை."

பிரெஞ்சில் 'ஓம்' என்பது ஒரு சின்னச் சொல் என்று எனக்கும் தெரியும். அவள் வாயிலிருந்து வந்தது சின்னதாக இல்லை. வாசல் ஓரத்தைக் கையால் காட்டினாள். விரலால் அளவு காட்டினாள். அந்த மனிதர் வலிக்கிற முழங்காலோடு அவள் உயரத்துக்குக் குந்தி இன்னொன்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள், பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் மெல்ல எழும்பி என்னைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

உள்ளே போய், கொங்கிறீற் துளைக்கும் நீண்ட ட்ரில் அலகு ஒன்றைக் கொண்டுவந்து மகளின் கையில் கொடுத்தார்.

"துளை போட்டுப் பாத்திட்டு வரட்டாம். ரெண்டு கிழமைக்கு வேறை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாராம்."

"கடைசியா என்ன கேட்டவர்?"

"காருக்குக் கீழை ஆர் நிக்கிறது எண்டு. அப்பாவும் நானும் எண்டு சொன்னனான்."

திரும்பும்போது படகில் அவள் காரை விட்டு இறங்கவில்லை. அலகை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நடு ஆற்றில் நான் சொன்னேன்: "உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது என்ரை கதையைச் சொல்ல. உன்ரை கதையைச் சொல்ல இல்லை."

"ஆனா அது பொய்யப்பா."

"நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

இரண்டு கிழமை அவளைக் கராஜுக்குள் கூப்பிடவில்லை. சாவி எடுத்துத் தரச் சொல்லவில்லை. குசினிக்கும் கராஜுக்கும் இடையிலிருந்த கதவில் வந்து நின்றால், "படிக்கிறதுக்கு ஒண்டும் இல்லையோ?" என்றேன். அவள் கெஞ்சவில்லை. பிடிவாதத்தில் அவள் என் பிள்ளை. அந்த அலகை முதலில் என் வேலை மேசையில் வைத்தாள். நான் தொடவில்லை. அடுத்த நாள் அது கருவிப்பெட்டியின் மூடியில் இருந்தது. அதற்கடுத்த நாள் நான் பார்த்துக்கொண்டிருந்த காரின் ஓட்டுநர் இருக்கையில், சீற் பெல்ற் போட்டபடி இருந்தது. இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது. அன்று அதை எடுத்து மேசை லாச்சிக்குள் எறிந்தேன்.

அவர் தந்த இரண்டு கிழமைத் தவணையின் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதுகு நோ என்று சொல்லி, மனைவியையும் மகளையும் பூசைக்கு அனுப்பிவிட்டு, லாச்சியைத் திறந்தேன். அவள் சொன்னது பிழை என்று காட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வலது தூண் வரும் இடத்தைச் சோக்கால் குறித்து, முழங்காலில் நின்று, ட்ரில்லை அழுத்தினேன். கொஞ்ச நேரம் கல்லை அரைக்கிற சத்தம். பிறகு திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் அலகு முழுவதும் உள்ளே விழுந்தது. என் கை தரையில் இடித்துத் தோல் உரிந்தது.

வளைத்த கம்பி ஒன்றை விட்டு அளந்தேன். கொங்கிறீற் இரண்டரை அங்குலம்கூட இல்லை. அதற்குக் கீழே ஒரு சாண் வெறும் வெளி. வீடு கட்டியபோது கொட்டிய மண் எப்போதோ கீழே இறங்கிப் போயிருந்தது. கரும்பலகை இல்லாமலே கணக்கு என் தலைக்குள் ஓடியது. தூண் சரிகிற பக்கம், கார் விழுகிற பக்கம், அங்கே என் முக்காலி, அதற்குப் பக்கத்தில் கையில் சாவியோடு நிற்கிற பிள்ளை.

நல்ல தகப்பன் அந்தத் துளையைத் திறந்தே விட்டிருப்பான். பிள்ளை பூசையால் வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பான். நான் ஒரு பழைய பெயின்ற் வாளியில் சீமெந்து குழைத்தேன். துளையை அடைத்தேன். நிறம் வேறாகத் தெரியாதிருக்கக் கழிவெண்ணெயும் தூசியும் தடவினேன். அதன்மேல் கருவிப்பெட்டியை இழுத்து வைத்தேன். அத்தனையையும் ஒரு நல்ல வேலைக்காரனின் கவனத்தோடு செய்தேன்.

மகள் கோயிலுக்குப் போட்ட சட்டையோடு ஓடி வந்தாள். "அப்பா, துளை போட்டனீங்களோ? இண்டைக்குத்தான் கடைசி நாள்."

"இனித் தேவையில்லை. அந்தாள் அதை வேறை ஆருக்கோ வித்திட்டான். நீ கதைச்ச கதைக்கு எங்களுக்கு வைச்சிருப்பானோ?"

எனக்கு அது எப்படித் தெரிந்தது, யார் எந்த மொழியில் வந்து சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அகப்பட்டிருப்பேன். அவள் முகம் சுருங்கியது. "சொறி அப்பா" என்றாள். பத்து வயதுப் பிள்ளையின் அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன்.

லிஃப்ற் வாங்கவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த முற்றத்து விசிலுக்கே ஓடினேன். லாவலில் அந்த மனிதர் அன்று மாலை வரை எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். அவருடைய அலகு இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது. எத்தனையோ தடவை குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபத்தைச் சொன்னேன், குடித்ததைச் சொன்னேன், இதை ஒரு முறையும் சொல்லவில்லை. இதனால் ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் நெஞ்சு நோவென்று மகள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் பிரெஞ்சில் கேட்டார். அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள்.

"நோ எப்ப தொடங்கினது எண்டு கேக்கிறார். என்ன சொல்லட்டும், அப்பா?"

அவளுக்குத் தெரியும். இரண்டு கிழமையாக நான் நெஞ்சைத் தடவுவதைப் பார்த்து, என்னை இழுத்துக்கொண்டு வந்தவளே அவள்தான். தன் வேலையிடத்தில் இருபது பேரை நடத்துகிறவள். என்றாலும் என் விசயத்தில் என்ன சொல்லட்டும் என்று கேட்டுத்தான் வாய் திறக்கிறாள். இப்போது மட்டுமல்ல, யோசித்துப் பார்த்தால், இருபது வருடங்களாக அப்படித்தான்.

"உள்ளதைச் சொல்லு" என்றேன்.

"உள்ளதையோ?" என்று ஒருதரம் கேட்டுவிட்டுச் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். விரல் மடக்கி நாட்களைக் காட்டினாள். அந்த விரல்களை எனக்கு அடையாளம் தெரிந்தது.

இந்தத் தாள்களையும் அந்த அலகையும் இந்த ஞாயிறு அவள் கையில் கொடுப்பேன். எழுத்தில் விட்டுப்போனது ஒன்றுதான் இருக்கிறது.

அன்று மன்னிப்புக் கேட்டபின் அவள் உடனே போய்விடவில்லை. சமாதானம் ஆகிவிட்டதா என்று பார்க்கிறவளைப்போல என் கருவிப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். அதற்குக் கீழே சீமெந்து இன்னும் காயவில்லை.

"பெட்டியை ஏனப்பா இஞ்சை கொண்டுவந்து வைச்சனீங்கள்?"

"இந்த இடந்தான் நல்ல உறுதி" என்றேன்.

அவள் சரியென்று தலையாட்டினாள்.