பெட்ரோலில் அந்துருண்டை

அல்சூர் பெட்ரோல் பங்கில் நிற்கிறோம். கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் டிரெய்லரை இழுத்துப் போகும் பழைய பெட்ரோல் ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டு வருகிறேன். டிரைவர் செல்வம் சட்டைப்பையிலிருந்து இரண்டு வெள்ளை உருண்டைகளை எடுக்கிறார். பெப்பர்மின்ட் என்று நினைத்துக் கையை நீட்டுகிறேன். அவரோ பெட்ரோல் டேங்கில் போடுகிறார். குப்பென்று துணி பீரோ வாசனை. அந்துருண்டை!

"ஐயோ, என்னண்ணா பண்றீங்க?"

"இன்ஜினுக்குத் தெம்பு மாத்திரை சார். லோடு இழுத்தா மேட்டுல டங்கு டங்குனு தட்டுது. இதப் போட்டா ஆக்டேன் ஏறும், பவர் தானா வரும். எங்க ஜோகுபாளையத்துல எல்லாரும் போடுவாங்க. சும்மா குந்துங்க."

முதல் மேட்டிலேயே இன்ஜின் தட்டுகிறது. பாதி ஏறியதும் இன்ஜினே அணைந்துவிடுகிறது. பிரேக்கை மிதித்தும் டிரெய்லர் எங்களைப் பின்னால் இழுக்கிறது. பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்து அலறுகிறது.

"சார், கல்லு வைங்க, கல்லு!"

குதித்து ஓடி, கிடைத்த கல்லைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிறேன். ஆட்டோவுக்கு ஒரு முழம் முன்னால் டிரெய்லர் நிற்கிறது.

செல்வம் நிதானமாக இறங்கி வருகிறார். டிரெய்லர் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு பத்தல சார்" என்று சட்டைப்பைக்குள் கையை விடுகிறார்.