துரையின் முதுகுப்பை

போன சனிக்கிழமை மத்தியானம் பினாங்குக் கொடிமலைக்குப் போனேன். மலை ரயிலில் இல்லை, நடந்து. நாற்பது வயதில் இந்த விபரீத ஆசை எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் என் நண்பன் சவரிமுத்துவுக்காக.

அவன் நில அளவை ஆபீஸில் வரைபடங்களை நகல் எடுப்பவன். பதினோரு வருஷமாக அதே நாற்காலி, அதே மை... கண் மங்கிக்கொண்டு வருகிறது. வெளிவேலைக்கு மாற்றச் சொல்லி ஆபீஸின் வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டான். அவர் ஒரே நிபந்தனை போட்டார். அக்கரையில் கெடாவின் ஜெராய் மலைக்கு அளக்கப் போகும் கோஷ்டியோடு, தன் சாமான்களைத் தானே சுமந்து உச்சி வரை ஏற வேண்டும். ஏறினால் வெளிவேலை. இல்லையென்றால் பழைய நாற்காலிதான்.

மறுநாளே துரை தன் முதுகுப்பையைக் கொண்டுவந்து இவன் மேசையில் வைத்துவிட்டுப் போனாராம். சாதாரணப் பையா அது? துரை தன் ஊரில் பனிமலை ஏறும்போது மாட்டியது. பனியில் சறுக்கும் நீளப் பலகைகளைச் செருக இரண்டு பக்கமும் பட்டைகள் வேறு. பினாங்கில் பனிக்கு எங்கே போவது?

ஒத்திகை பார்க்கத்தான் அதில் அரிசியை நிரப்பிக்கொண்டு கொடிமலை ஏறினோம். துரை ஆறடி. சவரிமுத்து என் காது வரைதான் வருவான். பை இடுப்புக்குக் கீழே தொங்கி, அடிக்கு அடி தொடையில் இடித்தது. ஒரு தோள்வாரில் தையல் விட்டிருந்ததால் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். பாதி வழியில் சட்டையைக் கழற்றினால் — இரண்டு தோளிலும் தோல் உரிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேற பை வாங்கிக்கடா."

"எப்படிண்ணே? துரையே கொடுத்தது. வேணாம்னா மனசு நோகாதா? கோஷ்டி லிஸ்ட்ல என் பேரை அடிச்சிட்டாருன்னா?"

விடாமல் கடைத்தெருவுக்கு இழுத்துப் போனேன். கான்வாஸ் பை தைக்கும் காதர் அண்ணன், ஒரு கயிற்றால் சவரிமுத்துவைப் பிடரியிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்தார்.

"முதுகு நீளம் பாத்துத்தான் பை எடுக்கணும் தம்பி. பாரம் இடுப்புல உக்காரணும் லா. தோள்லயே தொங்குனா எப்படி ஏறுவீங்க?"

திங்கட்கிழமை பை தயார். அகலமான வார், இடுப்புக்கு ஒரு பட்டை. அரிசியைப் போட்டுக் கடையின் மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கினான். முகமே மலர்ந்துவிட்டது.

ஆனால் வேறு பை வாங்கியதைத் துரையிடம் சொல்ல வேண்டுமே... இரண்டு நாள் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று முறை அறை வாசல் வரை போய்த் திரும்பினானாம். புதன்கிழமை ஒருவழியாகச் சொல்லிவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"துரை என்னை மேலயும் கீழயும் பாக்குறாருண்ணே. 'இதை மாட்டிக்கிட்டு மலை ஏறச் சொல்லி யாரு சொன்னது? வாரு தையல் விட்டுப்போச்சு, நீ தைக்கக் கொடுப்பேன்னுதானே உன் மேசையில வச்சேன்'ங்கிறாரு."

சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவனும் சிரித்தான், தோளைப் பிடித்துக்கொண்டு. லிஸ்டில் அவன் பெயர் பத்திரமாக இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை புறப்படுகிறான். ஏறிவிடுவான், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அவனை மட்டும் சொல்வானேன்? மேலே இருப்பவர் ஒன்றை நம் மேசையில் வைத்தால், 'எதற்கு ஐயா?' என்று கேட்க நம்மில் எத்தனை பேருக்கு வாய் வருகிறது? தோல் உரிந்தாலும் சுமப்போமே தவிர, கேட்க மாட்டோம்.

துரையின் பையை நேற்றுத்தான் தைக்கக் கொடுத்தான் — எந்த நிற நூலில் தைப்பது என்று துரையிடம் இரண்டு முறை கேட்டுவிட்டு.